பதினோரு மணி வீடு

ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் தையல்காரம்மாவின் விரல்கள் மரத்துப்போயின. கத்திரிக்கோலைப் பிடித்தால் துணிமேல் தண்ணீர்போல ஓடுகிற விரல்கள், பேனாவைப் பிடித்தால் நகராது. தன் பெயரையே ஒவ்வோர் எழுத்தாக யோசித்துத்தான் எழுதுவார். மேசைக்கு அந்தப் பக்கம் வீட்டுத் தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அப்போது சாட்சிக் கையெழுத்துப் போடப் பக்கத்தில் நின்ற பெண், தன் பேனா எழுதவில்லை என்று சொல்லி அதை உதறினாள், ஊதினாள், கழற்றி மறுபடி மாட்டினாள். எல்லோர் கண்ணும் அந்தப் பேனாமேல் போய்விட்டது. அதற்குள் தையல்காரம்மா தன் பெயரை முழுதாக எழுதி முடித்துவிட்டார். பிறகு அந்தப் பெண் அதே பேனாவால் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். அது நன்றாகவே எழுதியது. அவள் அதைத் தனக்காகத்தான் செய்தாள் என்பது தையல்காரம்மாவுக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

அப்படிப்பட்டவளைப் பத்தே நாளில் நாலு பேர் முன்னால் நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி பேச வேண்டியதாகிவிட்டது.

அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. காலை ஏழரைக்கு வகுப்பு தொடங்கிப் பத்துக்கு முடியும். மதியம் ஒன்றரைக்குச் செய்முறை வகுப்பு. நடுவில் கிடைக்கிற நேரத்தில் தரகர் அலுவலகத்துக்கு வந்து, வருகிறவர்களுக்கு வீடு காட்டுவாள். தோள்பையில் சாவிக்கொத்து ஒன்று சதா குலுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த வட்டாரத்தில் அவளுக்குச் சாவி என்றே பெயர். அப்பா வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இவள் இங்கே இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மேசை என்பதால் முறை வைத்துத்தான் படிப்பு. வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் சமையலறை சின்னது, பெரியது என்று வாதாடிக்கொண்டிருந்தால், இவள் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்துவிடுவாள்.

தரகர் யாரைப் பார்த்தாலும் "வாங்க தங்கம், சொல்லுங்க தங்கம்" என்பார். கோபம் வந்தாலும் தங்கம்தான். ஆகையால் அவரையே எல்லோரும் தங்கம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தையல்காரம்மாவின் கணவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். சாயங்காலம் கிளம்பினால் காலை ஏழு மணிக்குத்தான் வீட்டு வாசலை மிதிப்பார். குளித்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை தூங்கியாக வேண்டும். நாற்பது பேர் தன் முதுகுக்குப் பின்னால் நம்பித் தூங்க வேண்டுமானால் தான் பகலில் தூங்கிவிட்டு வர வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். இருந்த வீட்டை உரிமையாளர் தன் மகனுக்கு என்று கேட்டுவிட்டதால் வேறு வீடு தேடும்படி ஆயிற்று. தையல்காரம்மா சாவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எங்களுக்கு பால்கனி வேணாம்மா, அலமாரி வேணாம். தண்ணி கொஞ்சம் கம்மியா வந்தாலும் பரவாயில்ல. பகல்ல சத்தம் இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான்."

அடுத்த நாள் பதினோரு மணிக்குச் சாவி அவர்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பின்புற அறையில் நிறுத்தி, இரண்டு பேரையும் கண்ணை மூடச் சொன்னாள். காற்று ஜன்னலைத் தொடுகிற சத்தம்கூட இல்லை. டிரைவர் வெறும் தரையில் சும்மா படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்தார், அப்படியே குறட்டை விட்டுவிட்டார். பெண்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்டவன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று தையல்காரம்மா மனதார நன்றி சொன்னார்.

குடிவந்த முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. பின்சுவரை ஒட்டிக் கல் அறுக்கும் பட்டறை. காலை எட்டு மணிக்கு ரம்பம் கருங்கல்லில் இறங்கும். பல் கூசும், காது கிழியும், சமையலறையில் தட்டுகள் தாமாக நடுங்கும். பத்தரைக்கு நிறுத்தி, அறுத்த பலகைகளை லாரியில் ஏற்றுவார்கள். பன்னிரண்டுக்கு மறுபடி ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயாது. நடுவில் உள்ள அந்த ஒன்றரை மணி நேரம்தான் வீடு வீடாக இருந்தது.

டிரைவர் காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். தையல்காரம்மா ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்துப் பார்த்தார், தைக்க வந்த துணியையெல்லாம் கதவிடுக்கில் திணித்துப் பார்த்தார். ரம்பம் எதற்கும் மசியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அதிர்ந்து பேசாத மனிதர், குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளினார். ஒன்பதாம் நாள் அதிகாலை, ஊருக்குள் நுழையும்போது பேருந்து சாலைத் தடுப்பில் உரசிவிட்டது. நடத்துநர் தோளைப் பிடித்து உலுக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. யாருக்கும் அடியில்லை. நிர்வாகத்தில் ஒரே வார்த்தை சொன்னார்கள்: இன்னொரு முறை நடந்தால் வண்டியைத் தொட வேண்டாம். டிரைவர் அதை மனைவியிடம் சொன்னபோது வேலையைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு கைக்குழந்தை இருந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் தையல்காரம்மா கேட்கக் கூடாததைக் கேட்டார். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தவள் படிக்கிற படிப்பு விளங்காமல் போகட்டும் என்று, கைகூப்பி, கண்ணீரோடு கேட்டார். பிறகு நேராக அலுவலகத்துக்கு நடந்தார். செருப்பு மாற்றி மாட்டியிருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

சாவி மூலையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். வீடு பார்க்க வந்த மூன்று பேர் பெஞ்சில் இருந்தார்கள்.

"வாங்கக்கா, வீடு செட்டாயிடுச்சா?" என்று எழுந்து வந்தாள்.

"நல்லாக் கேட்ட. கண்ண மூடிக் கேளுங்கன்னு சொன்னியே, எந்த வாயால சொன்ன? அந்தச் சத்தத்துல என் வீட்டுக்காரர் தூக்கமில்லாம நேத்து ஒரு பஸ்ஸையே கவுத்திருப்பார். நாப்பது உயிரு. அத்தனையும் உன் கணக்குலதான் எழுதியிருக்கும். நீயெல்லாம் மருந்து குடுக்கப் படிக்கிறியாம். உன் கையால மருந்து வாங்கினவன் பொழைப்பானா?"

சாவி விழித்தாள். என்ன சத்தம் என்று கேட்டாள். நடிக்காதே என்று தையல்காரம்மா இன்னும் கடுமையாகத் திட்டினார். அதற்குள் தரகர் உள்ளேயிருந்து வந்து, உட்காருங்க தங்கம் என்றார். ஊர் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும், காட்டிலா குடியிருக்க முடியும், ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, நடுவில் காலி செய்ய முடியாது, நாலு நாளில் பழகிவிடும் என்று வரிசையாகச் சொன்னார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை. இதே பேச்சை இதற்குமுன் எத்தனை பேரிடம் பேசியிருப்பாரோ.

"நான் உங்ககூட வரேன்க்கா," என்றாள் சாவி. குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு அமைதியாக இருந்தது. சாவி குழம்பிப் போய்ப் பார்த்தாள். தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆனதும் ரம்பம் கல்லில் இறங்கியது. உள்ளே பாயில் படுத்திருந்த டிரைவர் கண்ணைத் திறக்காமலே தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். அதைப் பார்த்த சாவியின் முகம் வெளுத்து, பிறகு காதுவரை சிவந்தது. காதருகே வந்து கத்தித்தான் கேட்க முடிந்தது, தினமும் இதே நேரம்தானா என்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது என்றார் தையல்காரம்மா.

"ஞாயித்துக்கிழமை, இல்லேன்னா பதினோரு மணி. அப்ப மட்டும்தான் இந்த வீட்டக் காட்டச் சொல்வார்," என்றாள் அவள். விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். செய்முறை வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஆனால் அவள் கல்லூரிப் பக்கம் திரும்பவே இல்லை. விடுவதில்லை என்று தையல்காரம்மாவும் பின்னாலேயே போனார்.

அலுவலகச் சுவரில் வீட்டுச் சாவிகளை மாட்டும் பலகை ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆணிக்குக் கீழேயும் தரகர் கையெழுத்தில் ஒரு நேரம் எழுதியிருக்கும். வீட்டு உரிமையாளர்களுக்கு வசதியான நேரம் என்றுதான் சாவி ஒன்றரை வருடமாக நினைத்திருந்தாள். இப்போது அவள் அந்தப் பலகை முன்னால் நின்று, பெஞ்சில் இருந்தவர்கள் கேட்க ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினோரு மணி வீட்டில் ரம்பம் இருக்கிறது, பத்தரை மணி வீட்டில் என்ன இருக்கிறது, மழை பெய்தால் காட்டக் கூடாது என்று எழுதிய வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பெஞ்சில் ஒருவர் மெதுவாகத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தரகர் சிரித்தார். "உன் நேரம் அதுதானே தங்கம். அந்த நேரத்துல எது நல்லா இருக்கோ அத உன்கிட்ட குடுத்தேன். உனக்கு உள்விஷயம் தெரியாது. தெரியாததனாலதான் உன் மூஞ்சியப் பாத்ததும் ஜனங்க நம்புறாங்க. நான் சொன்னா நம்புவாங்களா?"

அந்த வார்த்தையைக் கேட்டபோது தையல்காரம்மாவின் கோபம் ஓர் அடி இடம் மாறி நின்றது. பொய் சொல்லத் தெரியாதவளைத் தேடிப்பிடித்து, அவள் படிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தைக் கணக்குப் போட்டு, அவள் வாயால் பொய் சொல்லவைத்திருக்கிறான் இந்த மனுஷன். தனக்காகப் பேனாவை உதறியதும், ரம்ப வீட்டில் கண்ணை மூடச் சொன்னதும் ஒரே பிள்ளைதான், இரண்டுமே நிஜம்தான்.

"அக்காவோட ஒப்பந்தத்தக் கிழிங்க சார்," என்றாள் சாவி.

"முடியாது தங்கம்."

"அப்ப நாளையிலேருந்து யார் வந்தாலும் அந்த வீட்டப் பன்னெண்டேகாலுக்குத்தான் காட்டுவேன்."

"நாளைக்கு நீ வரவே வேணாம்."

"உள்ள வரமாட்டேன். தெருவுல நிப்பேன். தெரு உங்களோடது இல்லையே."

சொன்னபடி நின்றாள். காலை வகுப்பு முடிந்ததும் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நிற்பாள். அலுவலகத்துக்குள் போகிறவர்களை நிறுத்தி, எந்த வீட்டைக் காட்டினாலும் வேறொரு நேரத்தில் இன்னொரு தரம் போய்ப் பாருங்கள் என்று சொல்வாள். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். நாலாம் நாள் தையல்காரம்மாவும் பக்கத்தில் நின்றபோது தரகர் படியிறங்கி வந்தார். ஒப்பந்தத்தைக் கிழிக்கிறேன், நீ இனி இந்த வாசலில் நிற்கக் கூடாது என்றார். சாவி நெடுநேரம் பலகை தெரிந்த ஜன்னலையே பார்த்தாள். பிறகு சரி என்றாள். அந்தச் சரியைச் சொன்னபோது அவள் பல்லைக் கடித்த சத்தம் தனக்கே கேட்டதாகத் தையல்காரம்மா பின்னாளில் சொல்வார்.

அடுத்த வீட்டையும் அவளே தேடினாள். தரகர் யாரும் வேண்டாம் என்று தெருத்தெருவாகப் போய், 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய வீட்டுக்காரர்களிடம் ஒரு நாளைக்கு மட்டும் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினாள். காலை ஏழு மணிக்கு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை படித்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டாள். கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் பாடப் புத்தகத்தின் ஓரத்திலேயே நேரத்தோடு குறித்தாள். முதல் வீட்டில் பக்கத்து வீட்டு நாய். இரண்டாவதில் பள்ளிக்கூட மணியும் பிள்ளைகளின் கூச்சலும். மூன்றாவது வீடு ஒரு துணிக் கிடங்கின் பின்னால் இருந்தது. அன்று முழுக்க அவள் குறித்தது குழாய் சொட்டிய சத்தம் ஒன்றைத்தான். கிளம்புமுன் அதையும் நூலைச் சுற்றி நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் டிரைவர் முதல் நாள் எட்டு மணி நேரம் புரளாமல் தூங்கினார். தையல்காரம்மா தையல் இயந்திரத்தைத் தொடவில்லை. கணவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடம் சாவிக்கு ஒரு பாடம் போயிற்று. தோற்கவில்லை, செய்முறை வகுப்பில் வருகை குறைந்துவிட்டது என்று தேர்வுக்கே விடவில்லை. ரம்ப வீட்டுக்கு வந்த நாளும், வெறும் வீடுகளில் உட்கார்ந்த மூன்று நாளும்தான் குறைந்தவை. சேதி தெரிந்த அன்று தையல்காரம்மா பிரார்த்தனைக்கு உட்கார்ந்தார். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டாயே, கேட்டவள் கோபத்தில் கேட்டாள் என்று உனக்குத் தெரியாதா என்று ஆண்டவனிடமே கோபித்துக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து, விட்ட பாடத்தையும் எழுதித் தேறி, வேறு ஊரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை கிடைத்து, சொல்லிக்கொண்டு போக வந்தாள் சாவி. பிற்பகல் ஒரு மணி. தையல்காரம்மா கதவை ஓசைப்படாமல் திறந்தார். இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். தையல்காரம்மா அன்றைக்குத்தான் மனதிலிருந்ததைச் சொன்னார், உன் படிப்பு விளங்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன் என்று.

சாவி சிரித்துவிட்டாள். "உங்க வேண்டுதலுக்கு அவ்வளவு வேகமாக்கா? தெரிஞ்சிருந்தா தங்கம் பேர்லயும் ஒண்ணு போடச் சொல்லியிருப்பேனே."

சிரித்தாலும் அவள் முகம் இறுகியே இருந்தது. அந்த அலுவலகத்தில் இப்போது தன் கல்லூரியில் படிக்கிற வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அதே பலகை, அதே நேரங்கள் என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டு அந்த வழியாகப் போய் வந்ததை நினைத்தால் தன்மேலேயே எரிச்சல் வருகிறது என்றாள். நேற்றுத்தான் ஒரு வழி தோன்றியதாம்.

"அவர் ஆபீஸ் வாசல்ல நிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். காலேஜ் வாசல்ல நிக்க மாட்டேன்னு சொல்லலையே. இன்னிக்குக் காலைல நின்னேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டுதான் வரேன்."

தையல்காரம்மா எழுந்து, உன் டிரைவர் அண்ணனை எழுப்புகிறேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றார். சாவி சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே டிரைவரின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

"எழுப்பாதீங்கக்கா. மூணு மணிக்கு எழுந்திரிச்சதும் சொல்லுங்க, நான் வந்துட்டுப் போனேன்னு."