மேகலா சோப்புக்கு நான் தான் மூக்கு

வாசனை எண்ணெய் வாங்குற தொயிலு இன்னான்னா, மூக்க வாடகைக்கு வுட்டு வயித்த ரொப்பிக்கிறது.

உங்கள்ல யாருனா வூட்டுல சோப்பு காச்சிகினு கீறீங்களா, மெழுவர்த்தி ஊத்திகினு கீறீங்களா, ஊதுவத்தி உருட்டிகினு கீறீங்களா, அப்ப நீங்க நம்மாளு. கிட்ட வந்து குந்துங்க. சின்ன பாட்டில தொறந்து மோந்து, கடைக்காரரு மூஞ்சிய பாத்து, திரும்ப மோந்து, கடசீல தலவலியோட பஸ் ஏர்ற பேஜாரு உங்களுக்கு சொல்லாமலே புரியும்.

எங்க ஆட்டு பண்ண மணலி புதுநகர் தாண்டி. பண்ணன்னா பெருசா நெனச்சிக்காதீங்க. ஒரு தகர கொட்டா, கொஞ்சம் ஆடு, ஒரு போர் பம்பு, செவுத்துக்கு அந்தாண்ட டேங்கர் லாரி ரோடு. என் சம்சாரம் மேகலா ஆட்டுப்பால்ல சோப்பு காச்சுது. நான் திருவொத்தியூருக்கும் ராயபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிகினு இருந்தவன். எண்ணெய் வாங்குறது, கலக்குறது எல்லாம் அவ தான். பாட்டில காதுகிட்ட ஒரு ஆட்டு ஆட்டிட்டு மூடிய தொறந்தா போதும், அதுல இன்னா கலந்து கீதுன்னு சொல்லிடுவா. அப்பால கொரோனா காய்ச்ச வந்துச்சு. அவ எய்ந்துட்டா, மூக்கு எய்ந்திரிக்கல. டாக்டரு பாத்துட்டு, வந்தாலும் வரும், வராமலும் போவும்னாரு. எங்க ஏரியா கரண்ட்ட கேட்டிருந்தாலும் அதையே தான் சொல்லிருக்கும்.

வாசனையே தெரியாம சோப்பு காச்சுறதுக்கு செங்கல் அறுக்கலாம்னு சொல்லிட்டு, ஆட்டு தரகருக்கு போன் போட்டா மேகலா. ஆடு போனா வேற ஆடு வாங்கலாம். சோப்ப வுட்டுட்ட மேகலாவ எந்த சந்தையில போயி திரும்ப வாங்குறது? "மூக்கு என்கிட்ட கீது, கை உன்கிட்ட கீது, காச்சு"ன்னு சொல்லிட்டு பைய எடுத்துகினு கெளம்பிட்டேன். அவ தரகருக்கு அடுத்த வாரம் சொல்றேன்னா. அந்த அடுத்த வாரத்த தள்ளிகினே போன கதை தான் இது.

முழங்கை வைத்தியம்

பாரிமுனை பக்கம் ஒரு மொத்த கடை. மொதலாளி திருநெல்வேலி பக்கத்து அண்ணாச்சி. சுத்தியும் அலுமினிய டப்பாவா அடுக்கி, நடுவுல சாமி மாதிரி குந்திகினு இருப்பாரு. "எண்ணெய் வோணும்"னேன். "என்ன எண்ணெய்?"ன்னாரு. "நல்ல எண்ணெய்"னேன். பலசரக்கு கடை எதுத்தாப்ல இருக்குன்னு கை காட்டுனாரு.

அப்பால சோப்பு, ஆட்டுப்பாலுன்னு வெவரம் சொன்னதும், காயிதத்த பட்டை பட்டையா வெட்டி ஒவ்வொண்ணா நனச்சு குடுத்தாரு. மொத பட்டை ரோசா. ரெண்டாவது மல்லி. மூணாவது சந்தனம். அதுக்கு மேல குடுத்தது எல்லாமே எனக்கு காயித வாசனையா தான் கீது. மூக்கு கடைய சாத்திடுச்சு. கொஞ்ச நேரம் முழங்கை மடிப்புல மூக்க வெச்சு சொந்த வாசனைய மோந்தா மூக்கு தெளிஞ்சுடும்னாரு அண்ணாச்சி. காலைல கொட்டாய பெருக்கிட்டு, குட்டிய தூக்கி வுட்டுட்டு, அதே சட்டையோட தான் பஸ் ஏறிருந்தேன். மோந்தேன். அண்ணாச்சியும் எட்டி ஒரு தபா மோந்தாரு.

"ஒம்ம சட்டைய மோந்தா மூக்கு தெளியாதுவே, ஊரை விட்டே ஓடிரும்."

ஆட்டோல யார் யாரு கீறாங்க

சாம்பிள் பாட்டிலுங்கள வூட்டுக்கு எடுத்தாந்து வெச்சேன். மேகலா எதுர்ல குந்திகினு, "இது எப்டி கீது?"ன்னா. சோக்கா கீதுன்னேன். "அது எப்டி?" சூப்பரா கீதுன்னேன். அவ மூஞ்சி சுருங்கிடுச்சு. கண்ணு தெரியாதவங்ககிட்ட சினிமா நல்லா கீதுன்னு சொன்னா இன்னாத்துக்கு ஆவும்? எனக்கு வாசனைக்கு வார்த்த தெரியாது. ஆனா ஆட்டோல ஏறி எறங்குன சனங்க மொத்தமும் ஒடம்புல கீது.

எய்ந்து நின்னு சந்தன எண்ணெய நடிச்சு காட்டுனேன். இஸ்திரி போட்ட சட்ட, கக்கத்துல கொட, ஆட்டோல ஏறியும் யார் மேலயும் படாம குந்துற ரிட்டயர்டு வாத்தியாரு. எலுமிச்சம்புல்லு எண்ணெய் வேற ஆளு. காசிமேட்டுல கூடையோட ஏறி, டிரைவர் மொதக்கொண்டு எல்லாரையும் அதட்டி, எறங்கறச்ச எல்லாருக்கும் டாட்டா காட்டிட்டு போற மீன்கார அக்கா. அவ கத்துற மாதிரியே கத்துனேன், கொட்டாய்ல ஆடு எல்லாம் பதில் சொல்லுச்சு. மேகலா ரெண்டு பாட்டிலயும் பக்கத்துல பக்கத்துல நவுத்தி வெச்சு ரொம்ப நேரம் யோசிச்சா.

"அந்த ரெண்டு பேத்தையும் ஒரே சீட்டுல குந்த வெய்யி, வாத்தியாரு ஓரமா, அக்கா நடுவுல, சண்ட வருதான்னு பாப்போம்."

சண்ட வர்ல. அந்த சோப்பு இன்னிக்கும் ஓடிகினு கீது.

மணலி காத்து செஞ்ச வேல

இத்த மட்டும் நல்லா கேட்டுக்கோங்க, நான் பட்டது நீங்க படவாணாம். ஆட்டுப்பாலு இன்னா வாசனைய ஊத்துனாலும் கொஞ்சம் அமுக்கிடும். அதனால பாட்டில்ல மோந்து முடிவு பண்ணகூடாது, கொஞ்சூண்டு சோப்பு ஊத்தி, காய வெச்சு, அத்த மோக்கணும். அதெல்லாம் கரெக்டா தான் பண்ணேன். ஆனா எப்ப மோந்தேன்? மேக்கால இருந்து மணலி காத்து அடிக்கறச்ச, மொட்ட மாடில நின்னுகினு. அந்த காத்துல கேஸ் வாட, உர வாட எல்லாம் ஜாலியா வந்துகினு கீது. நடுவுல என் மல்லிப்பூ சோப்பு ஊமையா கீது. பத்தலன்னு இன்னும் ஊத்த சொன்னேன். மேகலா, "மெய்யாலுமே பத்தலயா?"ன்னு ரெண்டு தபா கேட்டா. மூக்கு யாரோடதுன்னு நான் கெத்து காட்டிட்டேன்.

சோப்பு ராயபுரம் போச்சு. ரோஸ்மேரி டீச்சர்னு ஒருத்தங்க, ஸ்கூல்ல ரிட்டயர்டு ஆனவங்க, எங்க பழைய கஸ்டமரு. அடுத்த வாரமே போன் பண்ணாங்க. திட்ட போறாங்கன்னு போன காதுல இருந்து தள்ளி புடிச்சுகினேன்.

"அந்த சோப்பு போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனேன் தம்பி, என் பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா எழுந்து பின்னாடி போயிட்டாங்க, ரொம்ப நாளைக்கு அப்பறம் காலை நீட்டி உட்கார்ந்து ஜெபம் பண்ணேன், இன்னும் நாலு குடுத்தனுப்பு."

அன்னியிலேர்ந்து மத்தியானம் கடல் காத்து திரும்புனாதான் நான் மூடிய தொறக்கிறது.

நட்டுகினு நின்ன கரண்டி

சோப்பு காச்சுறவங்களுக்கு தெரியும், வாசனைய கடசீல தான் ஊத்தணும். பால ஐஸ் கட்டியா ஒறைய வெச்சு, காஸ்டிக் சோடா காரத்த மெதுவா அதுல கரைச்சு, தேங்கா எண்ணெய்ல ஊத்தி கலக்கி, தோச மாவு பதத்துக்கு வரச்ச வாசனைய வுடணும். அப்பால ஜல்தியா அச்சுல ஊத்தணும். நான் ஒரு நாளு அண்ணாச்சி கடைக்கு போவாம, பஸ் ஸ்டாண்டுல பைய விரிச்சுகினு இருந்த ஒருத்தன்கிட்ட கிராம்பு எண்ணெய் வாங்கியாந்தேன். அவன் பேசுன பேச்சுக்கே வாங்கலாம். மேகலாவுக்கு அவன மாதிரியே பேசி காட்டுனேன், அவளும் நம்பிட்டா. நடிப்பு ரொம்ப நல்லா வந்தாலும் டேஞ்சரு தான்.

ஊத்துனா, கலக்குனா, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, அவ்ளோதான். குண்டான்ல இருந்த மாவு கல்லாயிடுச்சு. கரண்டிய இழுக்குறா, வர்ல. நான் இழுக்குறேன், குண்டானே வருது. மூணு நாளு ஆட்டு பாலு அதுக்குள்ள கீது. பழைய மேகலாவா இருந்தா மூடிய தொறந்ததுமே கலப்படம்னு கண்டுகினு அவன் பாட்டில ரோட்டுல வீசிருப்பா. அது எங்க ரெண்டு பேத்துக்கும் தெரியும். அவ குண்டானயே பாத்துகினு இருந்தா. அழுவப்போறான்னு நெனச்சேன். வாயி ஒரு பக்கமா கோணிகினு போச்சு, தோளு குலுங்குச்சு, பாத்தா சிரிக்கிறா. காய்ச்சலுக்கு அப்பால அவ அப்டி சிரிச்சு நான் பாக்கல.

"கரண்டி செல மாதிரி நிக்குதுய்யா, நீயும் பக்கத்துல கைய கட்டிகினு நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

புளியந்தோப்பு பாஸ்கரு

பாஸ்கரு எனக்கு ஆட்டோ ஸ்டாண்டு தோஸ்து. இப்ப புளியந்தோப்புல ஆடு வெட்டுற கறி கூடத்துல வேல. ஒரு நாளு வந்து நின்னான். "மாமு, இன்னா குளிச்சாலும் ஆட்டு வாட போவ மாட்டேங்குது, பாப்பா கிட்டயே வர மாட்டேங்குது, எதுனா சோப்பு குடு"ன்னான். எங்க சோப்பு ஆட்டுப்பாலுன்னு சொன்னேன். அவன் என்னய பாத்த பார்வைய நான் நடிச்சு காட்டணும்னா நீங்க நேர்ல தான் வரணும்.

மேகலா அவன்கிட்ட ஒண்ணு தான் கேட்டா. பாப்பாவுக்கு இன்னா புடிக்கும்? மழ பேஞ்சா ஜன்னல்லயே நிக்கும்னான். அவ்ளோதான், அவ பாட்டிலுங்கள தேட ஆரம்பிச்சுட்டா. வெட்டிவேரு எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சம்புல்லு. நான் ஒவ்வொண்ணா மோந்து சொல்லிகினே இருந்தேன், இது மழைக்கு முன்னாடி, இது மழைக்கு அப்பால, இது தண்ணி வூட்டுக்குள்ள பூந்த அப்பால. "முன்னாடிய எடு"ன்னா. அடுக்கி ஒரு மாசத்துக்கு மேல காய வெச்சு குடுத்தோம். அப்பால ஒரு ஞாயித்துக்கெழம பாஸ்கரு வந்தான். மூஞ்சி பூரா பல்லு.

"பாப்பா மடியில வந்து குந்திகிச்சு மாமு, கழுத்த நல்லா மோந்து பாத்துட்டு, ‘இன்னிக்கு ஆடு மழைல நனஞ்சிடுச்சாப்பா’ன்னு கேக்குது."

இத்த சொல்றச்ச மேகலாவும் சிரிச்சா. ஆனா அவன் போனதும், தனக்குன்னு எடுத்து வெச்ச அந்த சோப்ப மூக்குகிட்ட கொண்டு போயி, ரொம்ப நேரம் வெச்சிருந்துட்டு, சத்தமில்லாம கீழ வெச்சுட்டா.

மரிக்கொழுந்து

போன மாசம் நான் பாட்டில் வாங்கிகினு வூட்டுக்கு வரேன், தரகரு கொட்டாய்ல நின்னு ஆட்டு வாய தொறந்து பல்லு பாத்துகினு கீறாரு. மேகலா தான் வர சொல்லிகீறா. இன்னாம்மே இதுன்னேன். "எனக்காவ நீ எவ்ளோ நாளுய்யா ஆடிகினு இருப்ப? எல்லாருக்கும் வாசன போவுது, எனக்கு ஒண்ணியும் வரல. அடுத்தவன் மூக்குல காச்சுற சோப்பு என்னுது இல்ல"ன்னா. கோவமா சொல்லிருந்தா நானும் எதுனா கத்திருப்பேன். கம்முனு சொன்னா. அதான் கஷ்டமா போச்சு.

"சரி, இந்த ஒரு பாட்டில மட்டும் பாத்துடு"ன்னேன். மரிக்கொழுந்து எண்ணெய். அதுக்கு ஆளு கெடைக்காம பஸ்ஸு பூரா யோசிச்சுகினே வந்தேன். மொதல்ல சுள்ளுனு ஏறும், அப்பால உள்ள வந்து குந்திகினு போவவே போவாது. ஆட்டோல அப்டி யாரும் ஏறல. வாசப்படில நின்னப்ப தான் ஆளு தெரிஞ்சுது. நைட்டி மேல துண்டு போட்டுகினு கீற மாதிரி, ஈரக்கைய அதுல தொடச்சுகினேன். பாட்டில எடுத்ததும் மூக்குக்கு கொண்டு போவல, மொதல்ல காதுகிட்ட வெச்சு ஆட்டுனேன், உள்ள யாருனா பேசுறாங்களான்னு கேக்குற மாதிரி. மூடிய தொறந்து, எடது கண்ண மூடி, மோந்து, மூச்ச வுடாம செவுத்த பாத்தேன். அப்பால யாருக்கும் இல்லாம, தனக்கு தானே ஒரு சின்ன தலையாட்டல். மூடிய தொடச்சு மூடி, பாட்டில கீழ வெச்சேன்.

தரகரு ஆட்டு வாய வுட்டுட்டு என் வாய பாத்துகினு கீறாரு. மேகலா, "யாருய்யா அது, ரொம்ப கெத்தா கீறா"ன்னா. திரும்ப ஒரு தபா பாட்டில காதுகிட்ட ஆட்டுனேன். அவ கை தன்னால தோளு மேல இருந்த துண்டுக்கு போச்சு. அங்கியே நின்னுடுச்சு. கண்ணு ரொம்பிடுச்சு, ஆனா கீழ வுடல. வந்து பாட்டில என் கையிலேர்ந்து வாங்குனா. காதுகிட்ட ஆட்டுனா. தொறந்து மோந்தா. வாசன வர்ல, அவ மூஞ்சிய பாத்தாலே எனக்கு தெரியும். ஆனாலும் மூடிய தொடச்சு தான் மூடுனா. தரகர பாத்து, "நீங்க கெளம்புங்கண்ணே, வெயிலு ஏறுது"ன்னா. அப்பால என்னய பாத்தா.

"அவ கொஞ்சம் கோவக்காரிய்யா, அவளுக்கு மரிக்கொழுந்து மட்டும் பத்தாது, வெட்டிவேரும் சேத்து ஊத்தணும், போயி பால வெளிய எடுத்து வெய்யி."

இந்த தொயில்ல நான் கண்டுகினது இவ்ளோதான், வூட்டுக்கு ஒரு மூக்கு இருந்தா போதும், ஆனா அந்த மூக்குக்காரன் வாய மூடிகினு மட்டும் இருக்கவே கூடாது.