பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அணில்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆத்திரம்தான் எழுத வைக்கிறது.

சேலத்துக்குப் பக்கம் இளம்பிள்ளை ஊரில் சேலைக் கரைகளுக்கு டிசைன் வரைகிறேன். என் பழைய லேப்டாப்பில் ஒரு டிசைன் திறப்பதற்குள் உலையே கொதித்துவிடும். அதனால் ஒரு கடையில் கொடுத்து ரேம் மெமரியைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டேன். டிசைன்களையும் அதில் ஏற்றிக் கொடுத்தார்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு, அங்கேயே விட்டுவந்தேன்.

தீபாவளிக்காக அணில் கரை ஒன்று வரைந்து, யாருக்கும் காட்டாமல் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன். அடுத்த மாதமே அது கடைவீதியில் சேலையாகத் தொங்கியது. எனக்கு வேலை தரும் ஜவுளிக்காரர், "ஊரே போட்ட டிசைன் எனக்கெதுக்கும்மா?" என்று திருப்பிவிட்டார்.

நேரே லேப்டாப் கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, என்ற பழைய டிஸ்க் எங்கீங்க?"

"அது குப்பைங்கக்கா. அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு."

"குப்பையில கெடந்த அணில் எப்படிங்க சேலையில ஏறுச்சு?"

கடைக்காரர் சிரித்தார். "அணிலுக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்கீங்களாக்கா?"

நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். வந்த வழியே திரும்பினேன். திருடியவருக்கு வராத கூச்சம், அன்று என் பொருளைக் கேட்க எனக்கு ஏன் வந்தது?

மறுநாள் அந்தக் கடை வழக்கம்போல் திறந்திருந்தது. நான் வேறு கரை வரைய உட்கார்ந்தேன். லேப்டாப் வேகமாகத்தான் ஓடியது.