பறிக்கு இரண்டு கயிறு

முத்தம்மாள் தினமும் ஐந்து மணி நேரம் வாயைத் திறப்பதில்லை என்றால் அவளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் விதி. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தபடியே நகர வேண்டும். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். பிடித்ததைப் போடுகிற பறி, பனையோலையில் முடைந்த கூடை, மோவாய்க்குக் கீழே தொங்கும். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பறி போச்சு, இறாலும் போச்சு.

முத்தம்மாளின் பறிக்கு மட்டும் இரண்டு கயிறு. ஒன்று பல்லுக்கு, இன்னொன்று இடுப்புக்கு. வெகுகாலத்துக்கு முன் ஒரு தும்மலில் ஒரு பறி இறாலை ஏரிக்கே திருப்பிக் கொடுத்தவள் அவள். அன்று கட்டியது இரண்டாவது கயிறு. கூட வருகிற பெண்கள் கேலி செய்வார்கள். அதிலும் பக்கத்து வீட்டுச் சத்யா விடமாட்டாள்.

"யக்கா, மாமனையும் இப்படித்தான் கட்டி வெச்சுக்கிறியா?"

"அது இன்னாத்துக்கு? அவுத்து வுட்டாலும் அது எங்கயும் போவாது."

வீட்டிலும் அப்படித்தான். தீப்பெட்டி இரண்டு, வாளிக்கயிறு இரண்டு, கொடுவாள் இரண்டு. புருஷன் தங்கவேலைத் தவிர அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு.

எட்டாவது வரை படித்தவள். போன் கைக்கு வந்த பிறகு அவளுக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. இணையத்தில் ஒரு சின்னப் புத்தகக் கடை. அதில் பன்னிரண்டு பாகத்துக்கு நீளும் ஒரு ராணி கதை. ஒவ்வொரு பாகமாக வாங்கினாள். ஏரியிலிருந்து வந்து, குளித்து, உலை வைத்து, சோறு கொதிக்கிற நேரத்தில் படிப்பாள். சோறு குழைந்தால் ராணிக்கு ஏதோ ஆபத்து என்று தங்கவேல் புரிந்துகொள்வான். மறுநாள் கரையில் இறால் பிரிக்கும்போது சத்யாவுக்கும் மற்ற இரண்டு பெண்களுக்கும் அந்தக் கதையைச் சொல்வாள். ஐந்து மணி நேரம் அடைத்துக் கிடந்த வாய் அல்லவா, மடை திறந்த மாதிரி வரும்.

ஒன்பதாவது பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ராணியின் பாலில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் ஒன்றாக வாங்கிய வாரத்தில் கடையிலிருந்து செய்தி வந்தது. மாதக் கடைசியோடு கடையை மூடுகிறார்கள். வாங்கிய புத்தகங்களை அதற்குள் இறக்கி, சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு கிடைக்காது.

முத்தம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆர்த்தியிடம் போனாள்.

"காசு குடுத்து வாங்கினதும்மா. கடைக்காரன் கதவ சாத்திட்டா என் வீட்ல கீற பொருள் எப்படிப் போவும்?"

"உன் வீட்ல இல்ல அத்த. இத்தினி நாளா அவன் வீட்லதான் இருந்துது. நீ ஜன்னல் வழியா பாத்துக்கினு இருந்தே."

"மெய்யாலுமா? இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

ஆர்த்தி கடையின் பக்கத்தைத் திறந்து, ராணி கதையோடு சேர்த்து அவள் வாங்கியிருந்த முப்பத்தொரு புத்தகத்தையும் ஒவ்வொன்றாகக் கணினியில் இறக்கினாள். பூட்டு எதுவும் போடாமல் கடைக்காரர்கள் நல்லபடியாகவே கொடுத்திருந்தார்கள். பிறகு ஒரு யோசனை சொன்னாள். எழுத்தைக் குரலாக மாற்றுகிற மென்பொருள் இருக்கிறது. அதில் மாற்றி, நகத்தளவு மெமரி கார்டில் ஏற்றி, புளி உருண்டை அளவுக்கு ஒரு பாட்டுப் பெட்டியில் போட்டால் தண்ணீரில் நிற்கும்போதே கேட்கலாம். கையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

"வாயி?"

"வாயும் வேணாம் அத்த."

"அப்ப செய்."

முதல் தடவை மாற்றியது சரியாக வரவில்லை. ராணி மயங்கி விழுகிற இடத்தில், "பக்கம் நாற்பத்து மூன்று" என்று குரல் சொன்னது. ஆர்த்தி பக்க எண்களையெல்லாம் நீக்கி மறுபடி மாற்றினாள். அத்தியாயங்கள் முன்பின்னாக ஓடாதபடி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாள். குரலை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரயில் தாமதத்தை அறிவிக்கிற பெண்ணின் குரல். ராஜா செத்தாலும் அதே குரல், பிள்ளை பிறந்தாலும் அதே குரல்.

"இன்னொரு காப்பி எடுத்து வெக்கட்டா?" என்றாள் ஆர்த்தி. "ஒண்ணு இருந்தா இல்லாத மாதிரிதான்."

"ஒரு கதய ரெண்டு தபா யாரும்மா கேக்கறது? வேணாம் போ."

வாளிக்கயிறு இரண்டு வைத்திருக்கிறவள் சொன்ன பதில் இது. ஆர்த்தி தோளைக் குலுக்கிவிட்டு, கணினியில் இருந்ததை அழித்தாள். "உன் பொருளு, எங்கிட்ட இருக்கக் கூடாது," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் முத்தம்மாளைப் போல நிறைவாக வேலை செய்தவர் அந்த ஏரியில் யாரும் இல்லை. பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைத்துணிக்குள் செருகிக்கொள்வாள். காதில் ஒயர். பல்லில் கயிறு. பத்தாவது பாகம் முடிந்தது. பதினொன்றும் முடிந்தது. விஷம் வைத்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. மந்திரிதான் என்று முத்தம்மாள் கரையில் அடித்துச் சொன்னாள். சத்யா, ராணியின் தம்பி முறைக்காரன் என்றாள். இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

பன்னிரண்டாவது பாகம் தொடங்குவதற்குள் தும்மல் வந்தது.

இடுப்புக் கயிறு பறியைக் காப்பாற்றியது. தலைத்துணிக்குத்தான் இரண்டாவது கயிறு இல்லை. பெட்டி தண்ணீருக்குள் போய், பை பிரிந்து, எடுத்தபோது செத்திருந்தது. முத்தம்மாள் பதறவில்லை. கார்டைக் கழற்றி, உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, துடைத்தாள். அதுவரை எல்லாம் சரி. பிறகு அதை வெயிலில் வைத்தாள். எங்கே? பச்சையாக விலை போகாத பொடி இறாலைக் காய வைக்கிற பழைய வலையின் மூலையில். அந்த வீட்டில் நனைந்தது எல்லாம் அங்கேதான் காயும். ஒரு மழைக்கு ஆதார் அட்டைகூட அங்கேதான் காய்ந்தது.

சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினாள். வலை காலி.

"யோவ், காஞ்சது எங்க?"

"கருவாடு வாங்க கோதண்டம் வந்தாரு. வாரிக் குடுத்துட்டேன்," என்றான் தங்கவேல். சொன்ன வேலையைச் சொல்வதற்கு முன்பே செய்துவிட்ட பெருமை முகத்தில் தெரிந்தது.

"மூலையில கருப்பா ஒண்ணு கீந்துச்சே?"

"ஆமா. இறால் தலன்னு நெனச்சேன்."

முத்தம்மாள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவனைப் பயமுறுத்தியது. இரவுச் சோற்றை அவனே வடித்தான்.

ஆர்த்திக்குப் போன் போட்டாள். கடையின் பக்கம் இப்போது வெறும் வெள்ளையாகத்தான் திறக்கிறது. வேறு எங்கும் அந்தக் கதை விற்பனைக்கு இல்லை. ஆக, ராணிக்கு விஷம் வைத்தவர் இந்த உலகத்தில் முத்தம்மாளுக்குக் கிடைக்கிற ஒரே இடம், திருப்பாலைவனத்தில் கோதண்டத்தின் கருவாட்டுக் கிடங்கு.

மறுநாள் ஏரிக்கு விடுப்பு விட்டு, முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். கோதண்டம் பல் குச்சியோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குச்சி வாயிலேயே நின்றது.

"நாலு ஊரு சரக்கும்மா. நேத்தே ஒண்ணா கொட்டி மூணு மூட்ட கட்டியாச்சு. எத்தினி பேஜாரு புடிச்ச வேல!"

"நீங்க உக்காருங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

முதல் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டினாள். கோதண்டம் கொடுத்த சல்லடையில் சலித்தாள். தூள்தான் விழுந்தது. நகத்தளவுச் சில்லு காய்ந்த இறாலின் மீசையிலும் காலிலும் சிக்கிக்கொண்டால் சல்லடைக்கு எப்படி அகப்படும்? சல்லடையை ஓரம் வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் குவியலுக்குள் விட்டாள்.

"இன்னாம்மா, இறாலுக்கு நாடி பாக்கறியா?"

பறி இல்லாவிட்டாலும் கை துழாவத் தொடங்கினால் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். கலங்கிய தண்ணீருக்கு அடியில், கண்ணே இல்லாமல், கல் எது, சிப்பி எது, இறால் எது என்று பிரிக்கிற விரல்கள் அவை. காய்ந்த இறால் சொரசொரப்பு. தேடுவது வழவழப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மூட்டையில் ஒரு பொத்தான் கிடைத்தது. இரண்டாவதில் மீன் செதில்களும் யாரோ கடித்துத் துப்பிய பாக்கும். இறாலின் முகமுள் ஏழெட்டு இடத்தில் குத்தி, விரலில் ரத்தம் எட்டிப் பார்த்தது. கோதண்டம் முதலில் சிரித்தார், பிறகு டீ வாங்கித் தந்தார், கடைசியில் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படி இன்னாம்மா கீது அதுல? பத்திரமா? கல்யாண போட்டோவா?"

"ராணிக்கு வெசம் வெச்சது யாருன்னு கீது."

கோதண்டம் கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு?"

"தெரிஞ்சா நான் எதுக்கண்ணே இங்க வந்து முள்ளு குத்திக்கினு இருக்கறேன்?"

மூன்றாவது மூட்டையின் அடியில் அவள் கை நின்றது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் கார்டு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அடுத்த பஸ்ஸில் நேராக ஆர்த்தியின் கடைக்குப் போனாள். ஆர்த்தி அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கருவாட்டு நாத்தம் அத்த. என் மிஷினே நாஸ்தியாவப் போவுது."

"பேசாத, போட்டுப் பாரு."

பஞ்சால் துடைத்துச் செருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்து, மறுபடி துடைத்துச் செருகினாள். முத்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கயிறே இல்லாமல். முப்பத்தொரு பெயரும் வரிசையாக வந்து விழுந்தன.

"இப்ப காப்பி எடுக்கலாமா?"

"ரெண்டு எடு."

ஒன்று புதுப் பெட்டிக்கு, ஒன்று வீட்டில் ரேஷன் கார்டு உறைக்குள், ஒன்று சத்யா வீட்டு டிரங்குப் பெட்டியில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வைத்தால் புயல் இரண்டையும்தான் கொண்டுபோகும் என்று முத்தம்மாளே சொன்னாள், ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி. சத்யாவுக்குக் கண்டிப்பான உத்தரவு: "வெச்சுக்க. கேக்காத. வாங்கினது நான்."

மறுநாள் ஏரி. தலைத்துணிக்குள் புதுப் பெட்டி. இந்தத் தடவை அதற்கும் ஒரு கயிறு, ஜாக்கெட் ஊக்கில் முடிந்தது. நாலு அடி தள்ளிச் சத்யா, கையைச் சேற்றில் விட்டுக்கொண்டு, கண்ணை முத்தம்மாள் முகத்திலேயே வைத்திருந்தாள். பன்னிரண்டாவது பாகம் ஓடியது. மந்திரி நிரபராதி. தம்பி முறைக்காரனும் நிரபராதி. பிறகு, ரயில் இரண்டாவது நடைமேடைக்கு வருகிறது என்கிற அதே தொனியில், காதுக்குள் குரல் சொன்னது: விஷம் வைத்தவள் செவிலித்தாய். பதினொரு பாகமாக ராணிக்குத் தலைவாரிவிட்டவள்.

"அடிப்பாவி!"

வாய் திறந்தது. பல்லை விட்டுக் கயிறு நழுவியது. பறி சரிந்து, இடுப்புக் கயிற்றில் தொங்கி, ஒரு இறால்கூடப் போகாமல் நின்றது. முத்தம்மாள் சாவகாசமாகக் கயிற்றை எடுத்து மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள்.

"ம்ம்? ம்ம்ம்?" என்றாள் சத்யா, கண்ணை உருட்டி.

முத்தம்மாள் தலையை ஆட்டினாள். கரையில் சொல்கிறேன் என்று அர்த்தம்.

சத்யாவால் பொறுக்க முடியவில்லை. "யாருக்கா அது?"

சத்யாவின் பறிக்கு ஒரே கயிறு.

அன்று கரையேறியதும் முத்தம்மாள் தன் பறியில் பாதியைச் சத்யாவின் காலிப் பறியில் கொட்டினாள். பெயரை மட்டும், அவள் இரண்டாவது கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் சொல்லவில்லை.