ஆறுதலா வாங்கோ

ஜெர்மனியில், சவர்லாண்டின் அந்தச் சின்ன மலைக்குப் பனிச்சறுக்கு விளையாட அலுவலக நண்பர்கள் இருவரும் நானும் போயிருந்தோம். பயிற்சியாளர் இல்லை, வீண்செலவு என்று நான்தான் வேண்டாமென்றேன்.

பனிச்சரிவில் மறுபடியும் விழுந்தேன். மகளோடு வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் செய்வதுபோல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "தம்பி, ஆறுதலா வாங்கோ" என்றார்.

நண்பர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பிறர் பரிதாபம் எனக்கு ஆகாது. "உங்க ஆறுதல் எனக்கு வேண்டாம் சார்!" என்று சீறிவிட்டு வேகமாக இறங்கினேன். கம்பத்தில் மோதி வாடகைச் சறுக்குப் பலகை முறிந்தது.

பின்னால் அவர் மகளிடம் சொல்வது கேட்டது: "பறக்காதை பிள்ளை, ஆறுதலா வா. அவசரமில்லை."

அவர்கள் பேச்சில் அதற்கு மெதுவாக என்று பொருள்!

அவரே வந்து கைகொடுத்துத் தூக்கினார். "நோகுதே, தம்பி?"

மன்னிப்புக் கேட்காமலே முறிந்த பலகையைப் பொறுக்கிக்கொண்டு நடந்தேன். இன்றும் அவர் முகத்தை நினைத்தால் கூசுகிறது. பலகைக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து கட்டியது நூற்றைம்பது யூரோ.