அக்கரைக்குப் போன முகவரி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று திண்டிவனத்தில் நான்கு அறுவடை இயந்திரங்களுக்கு முதலாளி. ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். கருவி உண்டு. வண்டி நிற்கும் இடத்தை அது எண்களாக அனுப்பும்; இணையச் சேவை ஒன்று அந்த எண்களை ஊர் முகவரியாக மாற்றி என் போனில் காட்டும். அதைக் காட்டி நான் பெருமையடிக்காத டீக்கடை கிடையாது.

பனமலை ஏரியோரம் அந்தோணியம்மாவின் நெல்லை அறுக்கும்போது இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. வானமோ கறுத்துவிட்டது. நான் போனில் கூப்பிட்ட மெக்கானிக்குக்கு வழி சொல்ல அந்தோணியம்மா வாயெடுத்தார். "போன் சொல்லும்மா" என்று அடக்கிவிட்டு, அது காட்டிய முகவரியை அனுப்பினேன்.

புது பெல்ட்டோடு மெக்கானிக் வந்தார், ஏரிக்கு அக்கரையில். சேவை கொடுத்தது அந்தக் கரையில் இருக்கும் ஊரின் முகவரி.

"அண்ணே, வண்டி கண்ணுக்குத் தெரியுது, வழிதான் தெரியல. சுத்திக்கினு வர ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் போனில்.

அந்தோணியம்மா என்னைப் பார்த்தார். "உங்க போனு அந்தாண்ட நிக்குது, வண்டி இந்தாண்ட நிக்குது. எதுண்ணே என் நெல்ல அறுக்கும்?"

"நான் அறுக்கறேம்மா, பேஜாரு பண்ணாத!"

வேட்டியை மடித்துக் கட்டி ஏரியில் இறங்கினேன். அங்கே ஏரி குறுகல்தான். ஆனாலும் மார்பளவுத் தண்ணீர், சேறு காலை இழுத்தது. அக்கரையில் மெக்கானிக்கிடம் பெல்ட்டை வாங்கி, தலைமேல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து நானே மாட்டினேன். கடைசி நெல்லும் டிராக்டரில் ஏறிய பிறகுதான் மழை கொட்டியது.

இப்போதும் அதே சேவைதான், விடமாட்டேன். ஆனால் முகவரியை அனுப்பும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். முதலாளி கேட்கலாமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.