மூலையில் ஒரு வாகை மரம்

படம் கீறுகிறவர்களே, உங்களுக்கு ஒரு புத்திமதி. வெறும் மூலையைக் கண்டால் அப்படியே விட்டுவிடுங்கள். தயவுசெய்து அதில் மரம் கீறாதீர்கள்!

ஏன் இந்த எரிச்சல் என்கிறீர்களா? சொல்கிறேன்.

கட்டடங்களுக்கும் சந்தைகளுக்கும் பிளான் கீறுவதுதான் என் பிழைப்பு என்பது இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். கிளிநொச்சிக்கு அப்பால், குடியேற்றத் திட்டத்துச் சந்தி ஒன்றில் கடைத்தெருவும் பஸ் நிற்க இடமும் அமைக்க வேண்டும் என்று அங்குள்ள கிராமசபை என்னைக் கூப்பிட்டது. இப்போது அந்த இடம் வெறும் வெட்டைவெளி. வயலுக்குக் காடு வெட்டியபோது பேருக்கு ஒரு மரத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அளவெடுக்கப் போன அன்றுதான் செல்லம்மா அக்காவைக் கண்டேன். மண் முட்டிகளில் பட்டணத்துக்குத் தயிர் கொண்டுபோய் விற்பவர். பஸ் பிந்தினால் வெயிலில் முட்டித் தயிர் புளித்துவிடும். அன்றைய உழைப்பு போச்சு.

"தம்பி, கடை கிடையெல்லாம் பிறகு பாருங்கோ. முதல்ல இதில ஒரு கூரை போட்டுத் தாங்கோ. அது காணும்" என்றார்.

போட்டேன். பிளானில் முதலில் கீறியதே அந்தக் கொட்டகைதான். நீளத் தகரக் கூரை, உட்கார வாங்கு, முட்டிகள் வைக்கச் சீமெந்துத் தட்டு...

பிளானைச் சபையில் விரித்தேன். சேர்மன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதென்ன, வாய்க்காலோ?" என்றார். அது றோட்டு! மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். சரி, கோடு விளங்காவிட்டால் நிறமாவது விளங்கட்டும் என்று வீட்டுக்கு வந்து வாட்டர் கலரை எடுத்தேன்.

கடைகள், றோட்டு, சிவப்பு பஸ், சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பெண்கள், கொட்டகை — எல்லாம் வந்த பிறகு வலப்பக்க மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நிறத் தட்டிலோ பச்சை மிச்சம். கை சும்மா இருக்குமா? ஒரு வாகை மரத்தை வைத்தேன். ஈரத்தில் பச்சை தானாகப் பரவி... நானே சொல்லக்கூடாது, நல்ல வடிவாக வந்துவிட்டது.

அதுதான் வினை.

சபையில் படத்தைக் கண்டதும் எல்லாரும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். "ஆ, இது விளங்குது!" என்றார் சேர்மன். எனக்குச் சந்தோஷம். அது நெடுநேரம் நிற்கவில்லை. முருகேசர் என்று ஓர் உறுப்பினர் — செலவு என்றால் முதல் ஆளாக மறிப்பவர் — மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் விரலை வைத்தார்.

"நல்ல நிழல் மரமாய் நிக்குது. பிறகேன் பக்கத்தில ஒரு கொட்டில்?"

"ஐயா, அந்த மரம் அங்க இல்லை."

"இல்லையோ? நீங்கள்தானே கீறினனீங்கள்?"

"அது படம் வடிவாய் இருக்கட்டும் எண்டு போட்டது."

"அப்ப கடையளும் வடிவுக்குத்தானோ?"

நீங்களே சொல்லுங்கள்! கடைகளும் அங்கே இல்லை, மரமும் அங்கே இல்லை. ஒன்று வரப்போவது, மற்றது வராதது. இதை எந்த நிறத்தில் பிரித்துக் காட்டுவது? தொண்டை வறளக் கத்தினேன். வெயிலில் நிற்கிற சனத்தைச் சொன்னேன், புளிக்கிற தயிரைச் சொன்னேன்.

சேர்மன் சமாதானத்துக்கு வந்தார். "கோவியாதேங்கோ தம்பி. மரம் இல்லையெண்டால் நட்டால் சரி. படத்தில இருக்கிற மாதிரியே நடுவம்."

"அது நிழல் தர எத்தினை வருசம் செல்லும்?"

"அதுவரைக்கும் சனம் குடை பிடிக்கட்டும்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிளானிலிருந்து கொட்டகை வெட்டப்பட்டது. படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சபைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் மரத்தைத்தான் மெச்சுகிறார்களாம். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது! உள்ளதைக் கோட்டில் காட்டினால் ஒருவருக்கும் விளங்காது. கொஞ்சம் பொய்யை நிறத்தில் குழைத்துக் காட்டினாலோ, உண்மையை விட்டுவிட்டு அந்தப் பொய்யைத்தான் கேட்கிறார்கள்.

போன திங்கட்கிழமை அந்தச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடைகளுக்கு இன்னும் அத்திவாரமே வெட்டவில்லை. சேர்மன் தன் கையால் தண்ணீர் ஊற்றி நட்ட வாகைக் கன்று மட்டும், முழங்கால் உயரத்தில், தடி வேலிக்குள் நின்றது. சனம் றோட்டோரம் வெயிலில் நின்றது. செல்லம்மா அக்கா மாத்திரம் தயிர் முட்டிகளைக் கன்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி, வேலியோடு ஒட்டி நின்றார்.

எந்த முகத்தோடு பேசுவது? இருந்தாலும் கேட்டேன்.

"அக்கா, ஏன் வேலியோட ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்?"

"முட்டிக்கு வெயில் படாமல் நிக்கிறன் தம்பி. அந்த நிழலில இந்த வாகைக் கண்டும் நிக்கட்டும். பாவம், வாடிப்போச்சு."

சேர்மன் அவர்களே, தீர்மானத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்யுங்கள். அந்தச் சந்தியில் நிழல் தருவது வாகை அல்ல... செல்லம்மா அக்கா!