சீனு கடித்த சனிக்கிழமை

சுண்டல் வேகும் மணம் வந்தால் இப்போதும் என் காது தானாக மகளின் அறைப் பக்கம் திரும்பிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணி இருபது நிமிடம். நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். அறையிலிருந்து ஒரு சத்தம். பழைய மொபெட் கிளம்ப மறுக்கும்போது இருமுமே, அந்த மாதிரி. பிறகு யாழினி, "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டாள். உரக்கக் கத்தியிருந்தால் பல்லி என்று விட்டிருப்பேன். மெல்லக் கூப்பிட்டதால்தான் ஓடினேன்.

அவள் ஆள்காட்டி விரலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கூண்டின் மூலையில் சீனு உடம்பைக் குறுக்கி, இன்னும் இருமிக்கொண்டிருந்தது.

சீனு யாரென்று சொல்லிவிடுகிறேன். சுகர் கிளைடர் என்றொரு பிராணி. பார்வைக்கு அணில், உடம்பு சாம்பல் நிறம், கண் இரண்டும் முகத்துக்கு ஒரு சைஸ் பெரிது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே தோல் விரியும்; பீரோ மேலிருந்து தோளுக்குக் காற்றில் சறுக்கி வரும். பகலெல்லாம் தூங்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் எழும். பாண்டிச்சேரியில் இருக்கும் என் தம்பிக்கு, ஊர் மாறிப்போன நண்பர் ஒருவர் கொடுத்தது. அவன் யாழினியின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கூண்டோடு கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஷிப்டு வேலைக்குப் போய்வரும் என் கணவர் மட்டும் மரியாதையாக, "சார் எழுந்துட்டாரா?" என்று கேட்பார். எனக்குத்தான் முதல் நாளிலிருந்தே பயம். எதற்குத்தான் எனக்குப் பயமில்லை? மகள் சைக்கிளில் போனால் பயம், போகாமல் வீட்டிலேயே இருந்தாலும் பயம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டைத் திறந்தார்.

"என்னாங்க கடிச்சுது? நாயா, பூனையா?"

"அணில் மாதிரிங்க."

"அப்ப அணிலுன்னு எழுதிக்கிறேன்."

"அணில் இல்லைங்க. கங்காரு ஜாதி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கங்காருவாங்க வூட்ல வளக்கிறீங்க?"

யாழினிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஊசி போடுவதற்கு முன் காயத்தை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டு, "நாளைக்கே வந்து இத எடுத்துட்டுப் போயிடு" என்றேன். "சரிக்கா, சாயந்திரம் வரேன்" என்றான். போனை வைத்த பிறகும் குழாயை மூடாமல் நின்றேன். சிவப்புச் சோப்பின் வாசனை வந்துகொண்டிருந்தது. அது என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பீங்கான் டிப்ளமோ முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் பெண்கள் நீள பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தடவை சுட்டெடுத்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கிளேஸில் முக்குவார்கள். கிளேஸ் என்பது மறுபடி சுடும்போது கண்ணாடிபோல் பளபளக்கிற பூச்சு. அந்த ஸ்பாஞ்சுகளைக் கண்கொண்டு பார்க்க முடியாது. படித்த பெண்ணல்லவா நான்? எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அத்தனையையும் சோப்புப் போட்டுக் கசக்கி வெயிலில் வரிசையாக வைத்தேன். பாராட்டு வரும் என்று காத்துக்கொண்டும் இருந்தேன். சூளையைத் திறந்தபோது பிள்ளையார் பொம்மைகளின் தொப்பையில் கிளேஸ் ஒட்டாமல் சுருண்டு, திட்டுத் திட்டாகச் சொட்டை. சோப்புப் பிசுக்கு இருந்தால் கிளேஸ் பிடிக்காது. புத்தகத்தில் நானே படித்துத் தேர்வெழுதிய விஷயம்.

"ஸ்பாஞ்ச எவ கழுவுனது?" என்றார் சூப்பர்வைசர் சரோஜாக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் இருந்த வள்ளியின் மேல் பழி விழுந்தது. "நான் இல்லக்கா, சத்தியமா நான் இல்ல" என்று அவள் சொல்லச் சொல்ல, நான் தலையைக் குனிந்துகொண்டு காலி வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கல்யாணமாகி நல்லூர்ப் பக்கம் போய்விட்டாள்; அப்புறம் தகவலே இல்லை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது பைக் ஷோரூம். அந்த உண்மையை இனிப் போய்ச் சொல்ல ஆளும் இல்லை, இடமும் இல்லை.

குழாயடியில் நான் அப்படி நின்றது அதனால் மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை வீடு கழுவியபோது சீனு தூங்கும் துணிப்பையையும் துவைத்திருந்தேன். யாழினியின் பழைய நைட்டியில் தைத்த பை; படிக்கும்போது சீனுவை அதற்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். நாற்றம் தாங்காமல் சோப்புப் போட்டு, கிருமி மருந்தும் ஊற்றி அலசினேன். சனிக்கிழமை பகலில் அது தூங்கும்போதே அந்தப் பைக்குள் மாற்றி விட்டதும் நான்தான். ஆளை மூக்கால் அடையாளம் வைத்துக்கொள்ளும் பிராணி. கண் விழித்ததும் சுற்றிலும் மருந்து நெடி. அதற்குள் ஒரு கை நீண்டிருக்கிறது.

அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாழினி மதியச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். "மாமாகிட்ட குடுத்துடும்மா. அதுக்கு என்னைப் புடிக்கல" என்றாள். நான் விரும்பியது தானாகவே கைக்கு வந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். சாயந்திரத்துக்குள் வீட்டில் பயம் இருக்காது. எழுந்து தட்டுகளைக் கழுவினேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். பிறகு ஈரக்கையோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அது பையத் துவைச்சது நாந்தாண்டி. மருந்து ஊத்தித் துவைச்சேன். உன் வாசனையே அதுல இல்லாமப் போயிருக்கும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப அதுக்கு என்னைப் புடிக்காமப் போகலையா?"

"இல்ல."

எழுந்து போய், முந்தின நாள் போட்டிருந்த டீசர்ட்டைச் சுருட்டிக் கூண்டுக்குள் வைத்தாள். கையை உள்ளே விடாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இருட்டத் தொடங்கியபோது பைக்குள்ளிருந்து அந்த இருமல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. டீசர்ட்டை மோந்தது, பின்வாங்கியது, மறுபடி மோந்தது. பிறகு சட்டைக் கைக்குள் புகுந்து வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. இருமல் நின்றது.

வாசல் கேட் சத்தம் கேட்டது. தம்பி. காற்றுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அறை வாசலில் நின்றான். யாழினி கட்டுப் போட்ட விரலை உதட்டில் வைத்துச் சத்தம் போடாதே என்று காட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், டீசர்ட்டைப் பார்த்தான், கட்டிலில் குந்தியிருந்த என்னைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"பெட்டிய உள்ள கொண்டாரட்டுமாக்கா, இல்ல வெளிய செருப்பு பக்கத்துலயே வெச்சிட்டு வரட்டுமா?"